வரைபடத்தில் இருந்தது, கடலில் இல்லை

1721 அக்டோபர் கடைசியில் டெனெரிஃப் தீவிலிருந்து ஒரு கப்பல் மேற்கே கிளம்பியது. அனுப்பியவர் கேனரித் தீவுகளின் ஆளுநர் ஹுவான் தெ முர். தலைமை காஸ்பர் தொமிங்கெஸ். கூடவே துறவிகள் இருவரையும் ஏற்றியிருந்தார்கள். போகிற இடம் அப்படி. புனித பிரெண்டன் கண்ட சொர்க்கத் தீவைப் பிடிக்கப் போனது அந்தக் கப்பல். நியூட்டனின் ஈர்ப்பு விதி அச்சாகி 34 ஆண்டுகள் ஆகியிருந்த காலம் அது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கப்பல் வெறுங்கையோடு திரும்பியது. 1526, 1570, 1604-ல் போனவர்களுக்கும் இதே கதிதான். இவர்கள் யாருமே மூலக் கதையை ஒழுங்காகப் படிக்கவில்லை என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

பிரெண்டன் கற்பனை ஆள் அல்ல. 6-ஆம் நூற்றாண்டு அயர்லாந்தில், கெர்ரி பகுதியில் வாழ்ந்த துறவி. குளோன்ஃபெர்ட்டில் மடம் நிறுவியவர். அவர் மறைந்து சில நூற்றாண்டுகள் கழித்து, பெயர் தெரியாத ஒருவர் அவருடைய கடல் பயணத்தை லத்தீனில் எழுதினார். எல்லாமே கையால் பகர்த்தெழுதப்பட்ட அந்தக் காலத்துப் புத்தகத்துக்கு இன்றைக்கும் நூற்றுக்கும் மேற்பட்ட பிரதிகள் மிஞ்சியிருக்கின்றன. ஐரோப்பாவே அதை விழுந்து விழுந்து படித்திருக்கிறது.

படிக்கத் தக்கதுதான். மரச்சட்டம் கட்டி, ஓக் மரப்பட்டையில் பதனிட்ட மாட்டுத்தோலைப் போர்த்தி, பொருத்துகளில் கொழுப்பு பூசிய படகு. 14 துறவிகள்; புறப்படும் நேரத்தில் வந்து தொற்றிக்கொண்டவர்கள் மூவர். ஒரு மொட்டைத் தீவில் இறங்கி அடுப்பு மூட்டினால் தீவு நகர்கிறது. அது யாஸ்கோனியஸ் என்ற ராட்சத மீனின் முதுகு. சிந்துபாத் கதையிலும் இதே மீன் உண்டு.

எனக்கு மிகப் பிடித்தது யூதாஸ் வரும் இடம். ஏசுவைக் காட்டிக்கொடுத்தவன் நடுக்கடலில் ஒரு பாறைமேல் உட்கார்ந்திருக்கிறான். நரகத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளிலும் திருநாள்களிலும் அவனுக்கு விடுப்பு. உட்கார்ந்திருக்கும் கல், வழிப்போக்கர்கள் கால் வைத்துக் கடக்கட்டும் என்று அவன் எப்போதோ சாலைப் பள்ளத்தில் போட்ட கல். எதிரே தொங்கி அவன் முகத்தில் அறைகிற துணி, ஒரு தொழுநோயாளிக்கு அவன் கொடுத்தது. சொந்தத் துணியைக் கொடுக்காமல் அடுத்தவர் துணியைக் கொடுத்ததால் அது உதவாமல் உறுத்துகிறது. இந்தக் கணக்கைப் போட்ட எழுத்தாளனின் பெயர் தெரியாமல் போனது பெரிய நஷ்டம்.

சரி, தீவு எங்கே? இங்கேதான் கதை கையை விரிக்கிறது. பிரெண்டனின் ஆட்கள் ஏழு ஆண்டுகள் முன்னேறிப் போகவில்லை. சுற்றிச் சுற்றி வருகிறார்கள். பெரிய வியாழனுக்கு ஆட்டுத் தீவு, ஈஸ்டருக்கு மீன் முதுகு, பெந்தெகொஸ்தே வரை பறவைத் தீவு, கிறிஸ்துமஸுக்குப் புனித ஆல்பியின் மடம். ஆண்டுதோறும் இதே சுற்று. இது திருச்சபையின் நாள்காட்டி. கடல் வழிகாட்டி அல்ல. சொர்க்கத் தீவுக்கு ஓரிடத்தில் மேற்கே போகச் சொல்கிறது, இன்னோரிடத்தில் கிழக்கே 40 நாள். கடைசியில் அடர்ந்த மூடுபனி. அதைத் தாண்டினால் இரவே இல்லாத நிலம், பழுத்த மரங்கள், கடக்க முடியாத ஓர் ஆறு. அங்கே ஓர் இளைஞன் வந்து, பழங்களையும் ரத்தினங்களையும் எடுத்துக்கொண்டு ஊருக்குத் திரும்பச் சொல்கிறான். இவர்களும் மறுபேச்சில்லாமல் திரும்புகிறார்கள்.

வரைபடக்காரர்களுக்கு இதெல்லாம் பொருட்டே இல்லை. 1300 வாக்கில் வரைந்த ஹியர்ஃபோர்டு உலகப்படத்தில் அந்தத் தீவு கேனரித் தீவுகளின் பக்கம். 1367-ல் பிட்சிகானி படத்தில் மதேராவின் இடத்தில். 1492-ல் மார்ட்டின் பெஹைமின் உலக உருண்டையில் நிலநடுக்கோட்டை ஒட்டி. தேடத் தேட இடம் மாறியதே தவிர, யாரும் அழிக்கவில்லை.

கேனரி மக்கள் அதற்கு சான் பொரொந்தோன் என்று பெயரிட்டு எட்டாம் தீவாகவே எண்ணினார்கள். 1570 வாக்கில் அதிகாரிகள் சாட்சி விசாரித்தபோது நூறு பேருக்கு மேல் பார்த்ததாகச் சொன்னார்கள். ஒரு போர்ச்சுகீசிய மாலுமி, தான் இறங்கியே பார்த்ததாகவும், மனிதக் காலைப் போல் இரண்டு மடங்கு பெரிய தடங்கள் இருந்ததாகவும், மரத்தில் ஒரு சிலுவை அடித்திருந்ததாகவும், மாடு பிடிக்க ஓடிய இருவரை விட்டுவிட்டுப் புயலுக்குப் பயந்து வந்ததாகவும் வாக்குமூலம் கொடுத்தார். திரும்பிப் பார்த்தால் தீவைக் காணோமாம்.

அத்தனை பேரும் பொய்யர்கள் என்று சொல்ல மாட்டேன். அந்தக் கடலில் கீழே குளிர்ந்த ஈரக்காற்று, மேலே வறண்ட வெப்பக்காற்று. அப்படிப்பட்ட அடுக்கில் ஒளி வளையும். தொலைவிலுள்ளது உயர்ந்து தெரியும். மேகத்திட்டும் மலையாகத் தோன்றும்.

1976-ல் டிம் செவரின் என்ற ஆய்வுப் பயணி, 49 மாட்டுத்தோல்களைத் தைத்து பிரெண்டன் கதையில் வரும் பாணியிலேயே படகு கட்டி கெர்ரியிலிருந்து கிளம்பினார். ஐஸ்லாந்தில் குளிர்காலத்தைக் கழித்து, பனிக்கட்டி கிழித்த தோலை நடுக்கடலிலேயே ஒட்டுப்போட்டுத் தைத்து, 1977 ஜூனில் நியூஃபவுண்ட்லாந்தை அடைந்தார். தோல் படகு வட அமெரிக்கா வரை தாங்கும் என்பதற்கு இது சான்று. பிரெண்டன் போனார் என்பதற்கு அல்ல. இரண்டையும் ஒன்றாக்கி எழுதுகிறவர்கள் 1721 கப்பலில் ஏறத் தகுதியானவர்கள். செவரினின் படகு பின்னர் கிளேர் மாவட்டத்தின் கிராகனோவனில் காட்சிக்கு வைக்கப்பட்டது.