எல்லார் கையிலயும் சாவி இருந்தா, இன்ஸ்டால் பண்ணது யாரு?

கன்னியாகுமரியைத் தாண்டி பக்கத்து மாவட்டத்துக்குள்ள நுழைஞ்சா கூடங்குளம். 2019 அக்டோபர் 28 அன்னைக்கு ஒரு சைபர் பாதுகாப்பு ஆய்வாளர், அங்க டொமைன் கண்ட்ரோலர் வரைக்கும் யாரோ புகுந்துட்டாங்கன்னு ட்விட்டர்ல எழுதினார். ஆபீஸ் நெட்வொர்க்ல யாருக்கு என்ன உரிமைன்னு தீர்மானிக்கிற சர்வர் அது. மறுநாள் அணுமின் நிலையம் மறுத்துச்சு. 30ஆம் தேதி, மால்வேர் இருந்தது உண்மைதான்னு என்பிசிஐஎல் ஒத்துக்கிட்டுச்சு. நிர்வாக வேலைக்கான நெட்வொர்க்ல இருந்த ஒரு பிசிதான், உலையை இயக்குற சிஸ்டம் தனின்னு சொன்னாங்க.

ஒரு பிசியோட நின்னுச்சா, உரிமை கொடுக்கிற இடம் வரைக்கும் போச்சா? சின்ன ஆபீஸுக்கும் இதுதான் கேள்வி.

நாகர்கோவில்ல நான் பாத்துக்கிட்ட உபுண்டு சர்வர்ல ஆறு பேர் வேலை செஞ்சோம். எல்லாருக்கும் ஒரே லாகின், அதுக்கு முழு சுடோ. ஒருநாள் சிபியு நூறு சதவீதத்துல நிக்குது. பாத்தா, கிரிப்டோ மைனர். ஏதோ ஒரு சைட்ல இருந்து இறக்கின டெப் ஃபைலோட வந்திருக்கு. ஏபிடி ஹிஸ்டரி லாக்ல, கேட்டது யாருன்னு பேர் பதிவாகும். ஆனா எங்க லாக்ல இருந்தது அந்தப் பொது லாகின் பேருதான். ஆறு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்தோம், அவ்வளவுதான்.

ரூட் உரிமையோட ஓடின சர்வரை நம்ப முடியாது. அழிச்சு, புதுசா போட்டோம். இந்தத் தடவை ஆளுக்கொரு லாகின். சுடோ ரெண்டு பேருக்கு மட்டும். பைத்தான் லைப்ரரி வேணுமா, அவங்கவங்க ஹோம்ல வென்வ் போட்டுக்கட்டும்.

இதுல நான் ரெண்டு இடத்துல வழுக்கினேன். "ஏபிடி மட்டும் சுடோல கொடுப்போம், என்ன ஆகிடும்"னு நினைச்சேன். பேக்கேஜுக்குள்ள இருக்கிற ஸ்கிரிப்ட் ரூட்டாத்தான் ஓடும்; ஏபிடி கொடுத்தா எல்லாம் கொடுத்த மாதிரி. டாக்கர் குரூப்பும் அப்படித்தான். அதுல சேர்த்த ஆள், சர்வரோட மொத்த டிஸ்க்கையும் ஒரு கண்டெய்னருக்குள்ள மவுண்ட் பண்ணிக்கலாம். சுடோ இல்லைன்னு நாம நிம்மதியா இருப்போம்.

டெக்னிக்கல் வேலை ஒரு மத்தியானத்துல முடிஞ்சுது. சீனியர் அண்ணனைச் சமாளிக்கத்தான் ஒரு வாரம் ஆச்சு. "ஏம்லே, எம்மேல நம்பிக்கை இல்லியா?"ன்னு கேட்டார்.

"அண்ணே, நான் தினமும் வேலை செய்யுற லாகின்லயும் சுடோ இல்ல, பாருங்க"ன்னு ஸ்கிரீனைத் திருப்பிக் காட்டினேன்.