பேண்டு மெட்டு நம் பாட்டான கதை

1745-ல் லண்டன் நாடக அரங்குகளில் பாடப்பட்டுப் பிரபலமான மெட்டு, பிரிட்டிஷ் அரச வாழ்த்து. கம்பெனிப் பட்டாளத்தோடு அது சென்னைக் கோட்டைக்கு வந்தது. மணலியில் வளர்ந்த கர்நாடக இசை மேதை முத்துசுவாமி தீட்சிதர் (1775–1835) கோட்டையில் பேண்டு இசையைக் கேட்டார். மெட்டை அப்படியே வைத்துக்கொண்டு அரசருக்குப் பதில் அம்பாளை அமர்த்தினார்: அதுதான் 'சந்ததம் பாஹிமாம்'. இப்படி அவர் செய்த சிறு பாடல்களே நோட்டு ஸ்வரங்கள். அனைத்தும் சங்கராபரண ராகத்தின் சுரங்களில் அமைந்தவை. கமகம் என்னும் அசைவு இல்லாமல் நேராக நிற்கும் சுரங்கள் என்பதால் குழந்தைகளின் வாயில் எளிதாகப் படிந்தன. 1905-ல் சுப்பராம தீட்சிதர் தொடக்க மாணவர்களுக்கான நூலில் பலவற்றை அச்சேற்றினார்.

அடுத்த திருப்பம் ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதருடையது. மெட்டை இரவல் வாங்காமல், மேற்கத்திய நடையில் சொந்தமாகவே 'இங்கிலீஷ் நோட்டு' ஒன்றை அமைத்தார். பாடகர் மதுரை மணி ஐயர் அதைச் சுரங்களாகவே பாடினார்; சபை கேட்டுக் கேட்டு வாங்கியது. பிறகு வயலினும் நாகஸ்வரமும் அதைத் தமதாக்கிக்கொண்டன. ஒவ்வொரு கையிலும் வேகமும் சங்கதியும் மாறின. அந்தத் துள்ளல் மட்டும் மாறவில்லை.

பாகவதர் மைசூர் அரண்மனை வித்வானாகவும் இருந்தவர். கோலார் தங்கவயல் அன்று அதே சமஸ்தானத்து மண். அங்குள்ள ஒரு பேட்டையின் பெயரே ஒரு பிரிட்டிஷ் அதிகாரியுடையது. சுரங்கத்தில் இறங்கி உழைத்தவர்களில் மிகப் பலர் தமிழர்கள். ஆங்கிலேய மரபும் தமிழ் மரபும் ஒரே தெருவில் புழங்கிய ஊருக்கு இந்த இசை அந்நியமானதல்ல. அங்குள்ள பள்ளிப் பிள்ளைகள் ஒருமுறை பாடிப் பார்க்கலாம்.