ஓரி கேட்ட பக்கவாத்தியம்

கச்சேரி முடிந்து வீடு திரும்பும்போது பாடினவர் பெயர் நமக்கு நினைவிருக்கிறது. மிருதங்கம் வாசித்தவர் பெயர்? நோட்டீஸை எடுத்துப் பார்த்தால்தான் உண்டு!

இந்தக் குறை நேற்று வந்ததல்ல. கொல்லிமலைக்குப் போனால் தெரியும். பைல் நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு என்று நாடு நாடாகப் பிரிந்து கிடக்கும் மலை அது. இன்று 70 கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் ஏறுகிறது. சங்க காலத்தில் அதை ஆண்டவன் வல்வில் ஓரி.

காட்டு வழியில் ஒரு கலைஞர் கூட்டம். எதிரே ஒரு வேடன். அவன் விட்ட ஓர் அம்பு யானையை வீழ்த்தி, புலி, மான், பன்றியைத் துளைத்து, புற்றிலிருந்த உடும்பில் போய்த் தைத்தது! 'இவன் ஓரியோ?' என்று புலவருக்குச் சந்தேகம். உடனே கச்சேரிக்கு உத்தரவு பிறக்கிறது. முழவுக்கு மண் பூசுங்கள், யாழைச் சுருதி சேருங்கள், பெருவங்கியத்தை ஊதுங்கள், எல்லரியும் ஆகுளியும் முழங்கட்டும். பதலையை மட்டும் மெதுவாகத் தட்டுங்கள்!

கவனித்தீர்களா? பாட்டை அமுக்காமல் அடக்கி வாசிப்பதுதானே பக்கவாத்திய தர்மம்? புறநானூற்று 152 ஆம் பாட்டிலேயே அது இருக்கிறது.

பாட்டின் முடிவில் 'கோ' என்று விளித்ததும் ஓரிக்கு வெட்கம் வந்துவிட்டது. சன்மானம் பேச அவர்களை வாய் திறக்கவும் விடவில்லை. மான் இறைச்சியும் மதுவும் கொடுத்தான். தன் மலையில் விளைந்த பொன்னை மணிகளோடு சேர்த்து அள்ளிக் கொடுத்தான். அடுத்த பாட்டில் இன்னும் வேடிக்கை. ஓரியிடம் பரிசு பெற்றவர்களுக்குப் பசியே தீர்ந்துவிட்டதாம். வாத்தியங்கள் ஒலித்தும் ஆட முடியவில்லை, பாட்டும் மறந்துபோயிற்று!

முன்பணம் கேட்டுக் கும்பிடு போட்டு, பேசிய தொகையில் பாதி வாங்கி, கடைசி பஸ்ஸைத் தவறவிட்டுப் பஸ் ஸ்டாண்டில் படுத்துறங்கும் இசைக்குழு வாத்தியக்காரர்கள் இதைக் கேட்டால் பெருமூச்சு விடுவார்கள்.

ஆனாலும் ஒரு வருத்தம். பாடிய வன்பரணர் பெயர் நிலைத்தது. பதலை தட்டியவர் யார்? பாட்டில் வாத்தியத்தின் பெயர்தான் இருக்கிறது. வாசித்தவர் பெயர் இல்லை. சென்னை மியூஸிக் அகாடமியின் சங்கீத கலாநிதிப் பட்டம் ஒரு மிருதங்க வித்துவானுக்கு முதன்முதலாகக் கிடைத்ததே 1966 இல்தான். பெற்றவர் பாலக்காடு மணி ஐயர்.

ஆடி மாதம் ஓரி விழாவுக்கு மலையேறுகிறவர்கள் மேடையில் கொஞ்சம் பின்வரிசையையும் பாருங்கள். பெயரைக் கேளுங்கள். பேசிய பணம் கைக்கு வந்ததா என்றும் கேளுங்கள்!