காலையைத் தொலைத்த ஊரின் பற்கள்

பல் தேய்க்காமல் காபி கிடையாது. தமிழ் வீடுகளில் பிள்ளைகளுக்கு முதலில் பழக்கப்படும் சட்டங்களில் இது ஒன்று. இந்தச் சட்டத்துக்குப் பின்னால் பல் மருத்துவம் எதுவும் இல்லை. ராத்திரி வாயோடு அடுப்படிப் பக்கம் வரக்கூடாது, எதையும் வாயில் வைக்கக்கூடாது என்கிற ஆசாரம்தான் இருந்தது. வேப்பங்குச்சியோ, சாம்பலோ, கோபால் பல்பொடியோ, எதைக் கொண்டு தேய்த்தாலும் நோக்கம் ஒன்றே. கர்நாடகத்தில் அந்த இடத்தில் நஞ்சன்கூடு பல்பொடி இருந்தது. 1913-இல் பி.வி. பண்டித் தொடங்கிய சத்வைத்யசாலாவின் சரக்கு அது. பொடி மாறினாலும் விதி மாறவில்லை. தூக்கத்துக்கும் காபிக்கும் நடுவே பல் தேய்ப்பது ஒரு வாசல். அதைத் தாண்டி வந்தால் டம்ளர் கையில் கிடைக்கும்.

இந்த ஏற்பாடு தலைமுறைகளாக ஓடியதற்குக் காரணம், எல்லோருக்கும் காலை ஒரே நேரத்தில் வந்ததுதான். பெங்களூரில் இப்போது பலருக்கு அந்தக் காலை கிடையாது.

ஒயிட்ஃபீல்டிலோ மான்யதா டெக் பார்க்கிலோ அமெரிக்க நேரத்துக்கு வேலை பார்க்கிற ஒருவருடைய நாளை எடுத்துக்கொள்வோம். ஆபீஸ் கேப் அவரை பிடிஎம் லேஅவுட் பி.ஜி. விடுதி வாசலில் இறக்கிவிடும்போது விடியற்காலை மணி நாலரை. ஓர் அறையில் மூன்று பேர், ஒரு பாத்ரூம். மற்ற இருவரும் தூங்குகிறார்கள், லைட் போட முடியாது. செருப்பை உதறிவிட்டுப் படுக்கையில் விழுகிறார். எழும்போது மதியம் ஒன்று. கண் திறந்ததும் போன், போனில் மெசேஜ், மெசேஜில் அவசரம். வாசலில் சாப்பாட்டுப் பார்சல் வந்து நிற்கிறது. இது டிபனா, மதியச் சாப்பாடா? இந்த நேரத்துக்குப் பல் தேய்க்க வேண்டும் என்று அவருடைய அம்மா சொல்லித் தரவில்லை. அறையில் இருக்கிற மற்ற இருவரும் அதைக் கேட்கப் போவதில்லை. ஒரு நாள் விட்டுப்போகிறது. அப்புறம் அடிக்கடி விட்டுப்போகிறது. இரவுத் தேய்ப்பு என்பது பெரும்பாலான நம் வீடுகளில் முதலிலிருந்தே கிடையாது என்பதால் அது விட்டுப்போனதாகவே கணக்கில் வருவதில்லை.

சிகரெட்டை எத்தனை தடவை விட்டேன், எத்தனை தடவை மறுபடி பிடித்தேன் என்று டீக்கடையில் நின்று சிரித்துக்கொண்டே சொல்லலாம். இரண்டு நாளாகப் பல் தேய்க்கவில்லை என்று எந்த நண்பனிடமும் சொல்ல முடியாது. படித்தவர், நல்ல சம்பளக்காரர் என்றால் இன்னும் மோசம். அதனால்தான் இது எத்தனை பரவலான சிக்கல் என்று யாருக்கும் தெரிவதில்லை. இந்திய பல் மருத்துவக் கவுன்சில் 2002-03-இல் நடத்திய தேசியக் கணக்கெடுப்பில், 35 முதல் 44 வயதுக்காரர்களில் ஏறக்குறைய 80 சதவீதம் பேருக்குச் சொத்தையும், 90 சதவீதம் பேருக்கு ஏதோ ஓர் அளவில் ஈறு நோயும் இருந்தன. பல்லில் குறையே இல்லாதவர்தான் இங்கே அபூர்வம். ஆனாலும் மருத்துவர் முன்னால் வாயைத் திறக்கும் ஒவ்வொருவரும் ஊரிலேயே தன் வாய்தான் கேவலம் என்ற நினைப்போடு திறக்கிறார்.

ஷிப்ட் ஒரு காரணம்தான். கைக்குழந்தைக்காரி, படுக்கையில் கிடக்கும் அப்பாவைப் பார்த்துக்கொள்ளும் மகன், போட்டித் தேர்வுக்கு விஜயநகரில் அறை எடுத்துப் படிக்கிறவர் என்று காலை கலைந்துபோனவர்கள் நிறைய. மனச்சோர்வு வந்தவர்கள் நிலை இன்னும் கடினம். கட்டிலிலிருந்து வாஷ்பேசினுக்கு உள்ள பத்தடி தூரம் அவர்களால் கடக்க முடியாத தூரமாகிவிடும். வீட்டார் அதற்கு வைக்கிற பெயர் சோம்பேறித்தனம். இதில் இன்னொரு கண்ணியும் உண்டு. மனநோய்க்குத் தரப்படும் மருந்துகளில் பல, வாயை உலர்த்துபவை. எச்சில்தான் பல்லின் முதல் காவல். அதுவும் குறைந்து, பிரஷ்ஷும் நின்றால் சேதம் வேகமாக நடக்கும். மருந்தை நிறுத்திவிடக் கூடாது, அது வேறு ஆபத்து. வாய் உலர்கிறது என்று மருந்து எழுதுகிறவரிடம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். யாரிடமும் பேச முடியாத நிலையில் இருப்பவர்களுக்கு டெலி மானஸ் மனநல உதவி எண் 14416 இருக்கிறது. நாடு முழுவதற்குமான அந்தச் சேவைக்குத் தலைமை இடம் பெங்களூர் நிம்ஹான்ஸ்தான். தமிழிலும் பேசலாம்.

சரி, தேய்க்காவிட்டால் உண்மையில் என்ன ஆகும்? இதைச் செய்தே பார்த்திருக்கிறார்கள். நார்வேக்காரரான ஹரால்ட் லோ என்ற பல் மருத்துவ ஆய்வாளர், டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரில் ஆரோக்கியமான ஈறுகொண்ட 12 பேரைப் பல் தேய்ப்பதை நிறுத்தச் சொன்னார். முடிவு 1965-இல் வெளியானது. பத்து நாளிலிருந்து மூன்று வாரத்துக்குள் எல்லோருக்கும் ஈறு வீங்கிச் சிவந்தது. மறுபடி தேய்க்கத் தொடங்கியதும் ஒரு வாரம் போல ஆனபோது சரியாகிவிட்டது. ஈறு நோயின் முதல் கட்டம் முழுவதும் திரும்பி வரக்கூடியது என்பதற்கு இதைவிட எளிய சாட்சி வேண்டாம். பிரஷ் பட்டதும் ரத்தம் கசிகிறது என்று அந்த இடத்தை விட்டுவிட்டுத் தேய்க்கிறவர்கள் அநேகம். ரத்தம் வருகிற இடத்தில்தான் அழுக்கு உட்கார்ந்திருக்கிறது, அங்கேதான் மெதுவாக, கூடுதலாகத் தேய்க்க வேண்டும்.

அதே லோவின் அடுத்த வேலை தமிழர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது. 1970-இல் தொடங்கி 15 ஆண்டுகள் அவர் குழுவினர் இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளர்களின் வாயைத் திரும்பத் திரும்பப் பரிசோதித்தார்கள். வழக்கமான பல் துலக்கலோ பல் வைத்தியமோ இல்லாதவர்கள் என்பதாலேயே தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அவர்கள். ஒப்பிட்டுப் பார்க்க ஆஸ்லோவில் படித்த, பல் மருத்துவரிடம் ஒழுங்காகப் போகிற இன்னொரு கூட்டம். எதுவும் செய்யாமல் விட்டால் ஈறு நோய் எப்படிப் போகும் என்பதற்கு உலகப் பாடப்புத்தகங்கள் இன்றும் காட்டுவது இந்த ஆய்வைத்தான். லயத்து ஒற்றை அறையில் குடும்பத்தோடு இருந்து, விடியும்முன் மலை ஏறியவர்கள், பல் தேய்க்காத மனிதர்களுக்கு உலக உதாரணமாகிவிட்டார்கள். தமிழில் இதைச் சொல்லும்போது நெருடத்தான் செய்கிறது.

ஆனால் கண்டுபிடித்தது முக்கியமானது. எல்லோருடைய வாயும் ஒரேபோலக் கெடவில்லை. 100 பேரில் 8 பேருக்கு எலும்பு வேகமாகக் கரைந்தது, 45 வயதுக்குள் ஏறக்குறைய எல்லாப் பற்களும் போய்விட்டன. 81 பேருக்கு நிதானமாகக் கெட்டது. மீதி 11 பேருக்கு ஈறு வீக்கத்தோடு நின்றுவிட்டது. எங்கள் தாத்தா பிரஷ்ஷே தொட்டதில்லை, எண்பதிலும் முறுக்கு கடித்தார் என்று சொல்லாத குடும்பம் இல்லை. தாத்தா அந்த 11-இல் ஒருவராக இருந்திருக்கலாம். பேரன் எந்தக் கூட்டத்தில் சேர்ந்தவன் என்பது எலும்பு போன பிறகுதான் தெரியும்.

இன்னொன்று, அந்தத் தொழிலாளர்களிடம் சொத்தைப்பல் அநேகமாக இல்லவே இல்லை. சொத்தைக்கு அழுக்கு மட்டும் போதாது, சர்க்கரை வேண்டும். பெங்களூர் ஆபீஸ்காரரிடம் இரண்டும் இருக்கின்றன. பிரஷ்ஷை விட்டவரின் நாள் இங்கே எப்படி ஓடுகிறது என்று பாருங்கள். தர்ஷினி ஓட்டலில் சர்க்கரை கம்மி என்று முன்கூட்டியே சொல்லாவிட்டால் காபி பாயசமாகத்தான் வரும். பை-டூ என்று பாதி டம்ளர் குடிப்பதால் குறைவாகக் குடிக்கிறோம் என்ற நினைப்பு வேறு. பல்லுக்கு அளவு பெரிதில்லை, தடவைதான் கணக்கு. ஒவ்வொரு முறை இனிப்பு படும்போதும் வாயிலுள்ள கிருமிகள் அதை அமிலமாக்குகின்றன. பி.எச். அளவு 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்குகிறது. எச்சில் அதைச் சரிக்கட்ட அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். அதற்குள் அடுத்த பை-டூ, அய்யங்கார் பேக்கரி தில்பசந்த் ஒரு துண்டு, விடியற்காலையில் தூக்கம் வராமலிருக்க ஒரு குளிர்பானம். பல்லுக்கு மூச்சுவிட நேரமே இல்லை.

இத்தனை நடந்தும் வலிக்காது. தண்டனை இவ்வளவு தாமதமாக வருவதுதான் பல் தேய்க்கும் பழக்கத்தைக் கைவிடுவதை இத்தனை சுலபமாக்குகிறது. எனாமலுக்கு நரம்பு இல்லை. குழி அடுத்த படலத்துக்கு இறங்கியதும் குளிர்ந்த தண்ணீர் குடிக்கையில் ஒரு கூச்சம், அந்தப் பக்கம் மெல்லாமல் சமாளித்துவிடலாம். பல்லின் உள்கூழ் வரை போனால்தான் ராத்திரி படுத்தவுடன் விண்விண்ணென்று தெறிக்கும். கிராம்பை வைத்து, மாத்திரை போட்டு இரண்டு மூன்று இரவு ஓட்டுவார்கள். அதன்பின் ஒரு நாள் வலி சட்டென்று நின்றுவிடும். ‘அப்பாடா, தானாகவே சரியாயிடுச்சு’ என்று நிம்மதி வரும். சரியாகவில்லை, உள்ளே இருந்த நரம்பு செத்துப்போய்விட்டது. கிருமி வேர் வழியாக எலும்புக்குப் போய்க்கொண்டிருக்கும். சில மாதமோ வருடமோ கழித்துக் கன்னம் வீங்கி எழுந்திருக்கும்போது பலரும் அந்தப் பழைய வலியை மறந்தே போயிருப்பார்கள். முதல் கூச்சத்திலேயே போயிருந்தால் ஒரே அமர்வில் அடைத்து அனுப்பியிருப்பார்கள். இப்போது ரூட் கேனால், அதற்கு மேல் கேப், இல்லையென்றால் பிடுங்கல்.

ஏன் முதலிலேயே போவதில்லை? பணம் ஒரு காரணம். வெட்கம் அதைவிடப் பெரியது என்பது என் எண்ணம். ‘ஏன் இப்படி விட்டீங்க?’ என்ற ஒரு கேள்விக்குப் பயந்தே ஐந்து வருடம் போகாமல் இருப்பவர்கள் உண்டு. அதைச் சாதாரணமாகத்தான் மருத்துவர்கள் கேட்கிறார்கள். நாற்காலியில் மல்லாக்கப் படுத்து வாய் பிளந்து கிடப்பவருக்கு அது அடி. போவதற்கு முந்தைய நாள் குற்ற உணர்ச்சியில் கெட்டி பிரஷ்ஷால் வரட்டு வரட்டென்று தேய்த்து ஈறைக் கிழித்துக்கொண்டு வருகிறவர்களையும் பல் மருத்துவர்களுக்குத் தெரியும். பல்லில் படிந்த ஒரு வருடக் காரையை ஒரு ராத்திரியில் தேய்த்து எடுக்க முடியாது. இறுகிய காரைக்குக் கிளீனிங் ஒன்றுதான் வழி. கிளீனிங் செய்தால் பல் ஆடும் என்பது ஊர்ப்பேச்சு. பல் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருக்கும். காரைதான் அதைச் சிமென்ட் மாதிரி பிடித்து வைத்திருக்கும், அதை எடுத்ததும் உண்மை தெரிகிறது.

வெட்கப்படத் தேவையே இல்லாதவர்களும் இந்த வரிசையில் இருக்கிறார்கள். கோலார், சிக்கபல்லாபூர் பக்கத்துக்காரர்கள், தருமபுரி, கிருஷ்ணகிரியிலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர்கள் சிலருடைய பற்களில் பழுப்புத் திட்டுகள் இருக்கும். சிறுவயதில் குடித்த ஆழ்துளைக் கிணற்று நீரின் ஃப்ளோரைடு அது, எத்தனை தேய்த்தாலும் போகாது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இதற்காகத்தான். இவர்களைப் பார்த்து ‘பல்லே தேய்க்க மாட்டானா’ என்று பேசுகிற வாய்களில் சொத்தை அதிகமாக இருந்தாலும் ஆச்சரியமில்லை.

காலை இல்லாதவர்கள் காலையைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். பல்லுக்குக் கடிகாரம் தெரியாது, தூக்கம்தான் தெரியும். தூங்கும்போது எச்சில் சுரப்பது வெகுவாகக் குறைகிறது, அமிலம் அப்படியே தங்கிவிடுகிறது. ஆகவே விடியற்காலை நாலரைக்குப் படுத்தாலும், மதியம் இரண்டுக்குப் படுத்தாலும், படுப்பதற்கு முன்னால் தேய்ப்பதுதான் முதல் வேலை. எழுந்ததும் தேய்ப்பது இரண்டாவது. பி.ஜி. அறை இருட்டாக இருக்கும் என்றால் கேப் ஏறும் முன்பே ஆபீஸ் வாஷ்பேசினில் தேய்த்துவிட்டு வரலாம். டிராயரில் ஒரு பிரஷ் கிடந்தால் போதும். பேஸ்ட் ஃப்ளோரைடு உள்ளதாக இருக்கட்டும், இந்தியச் சட்டப்படி அதில் 1000 பி.பி.எம். வரை ஃப்ளோரைடு இருக்கலாம். துப்பிவிட்டு வாயைக் கழுவாமல் விட்டால் அது பல்லில் தங்கி வேலை செய்யும். எழுந்திருக்கவே முடியாத நாட்களில் கட்டிலில் உட்கார்ந்தபடி, பேஸ்ட் இல்லாத வெறும் பிரஷ்ஷால் ஒரு சுற்று தேய்த்தால்கூட அழுக்குப் படலம் கலையும். முழுசாகச் செய்ய முடியவில்லை என்று ஒன்றும் செய்யாமல் படுப்பதற்கு அது எவ்வளவோ மேல்.

அப்புறம் செலவு. கம்பெனி தரும் குழுக் காப்பீட்டில் இதய ஆபரேஷனுக்கு லட்சக்கணக்கில் கிடைக்கும். சாதாரண ரூட் கேனாலுக்குப் பெரும்பாலும் கிடைக்காது, சில ஆயிரம் ரூபாய் கைக்காசு. சித்தராமையா முதல் முறை முதல்வராக இருந்த காலத்தில் வந்த தந்த பாக்யா திட்டத்தில், வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள முதியவர்களுக்கு முழுப் பல்செட் இலவசம். நல்ல திட்டம்தான், ஆனால் பல் எல்லாம் போன பிறகுதான் அரசாங்கத்தின் கண்ணில் வாய் படுகிறது.

இடைப்பட்டவர்களுக்குப் பெங்களூரில் ஒரு வசதி உண்டு. நாட்டிலேயே பல் மருத்துவக் கல்லூரிகள் மிக அதிகமுள்ள மாநிலங்களில் கர்நாடகமும் ஒன்று, அவற்றில் பல இந்த ஊரில். மாணவர்கள் செய்வார்கள், பேராசிரியர் மேற்பார்வை பார்ப்பார். நேரம் இரட்டிப்பாகும், கட்டணம் தனியார் கிளினிக்கைவிடக் குறைவு. கோட்டை பகுதியில் விக்டோரியா மருத்துவமனையை ஒட்டியுள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரி 1958-இலிருந்து இயங்குகிறது. கே.ஆர். மார்க்கெட் மெட்ரோ நிலையத்தில் இறங்கி நடந்துவிடலாம். ஒரே ஒரு தொல்லை, புறநோயாளிச் சீட்டு காலையில்தான் போடுவார்கள். இரவு ஷிப்ட்காரர்கள் தூங்காமல் நேராக வரிசைக்கு வர வேண்டியிருக்கும்.