சக்கரம் ஏன் பின்னோக்கிச் சுழல்கிறது?

திரைப்படத்தில் குதிரை வண்டி முன்னோக்கி விரையும்போது அதன் சக்கரம் மட்டும் பின்னோக்கிச் சுழல்வதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். காட்சி நமக்குத் துண்டு துண்டாகக் காட்டப்படுவதே இதற்குக் காரணம்.

திரைப்படத்தில் நொடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. இரு படங்களுக்கு இடையே நடந்ததை நாம் காண்பதில்லை. 8 ஆரங்கள் கொண்ட சக்கரத்தில் அடுத்தடுத்த ஆரங்களுக்கு இடையே 45 பாகை உள்ளது. ஒரு படத்திற்கும் அடுத்த படத்திற்கும் இடையே சக்கரம் 40 பாகை திரும்பினால், ஒவ்வோர் ஆரமும் தனக்கு முன் சென்ற ஆரம் இருந்த இடத்தை எட்ட 5 பாகை குறையும். ஆரங்கள் யாவும் ஒன்றுபோல் இருப்பதால், சக்கரம் 5 பாகை பின்வாங்கியதாகவே மனம் கொள்கிறது. சரியாக 45 பாகை திரும்பினால், அதாவது நொடிக்கு 3 சுற்று சுழன்றால், சக்கரம் அசையாது நிற்பதாகத் தோன்றும்.

திரையில் இது வேடிக்கை, பட்டறையில் அவ்வாறன்று. சில ஆண்டுகளுக்கு முன், கடன் பெற்ற சிறுதொழிற்கூடம் ஒன்றைப் பார்வையிடப் புணே அருகே சென்றிருந்தேன். பழைய குழல்விளக்கின் கீழ் லேத் ஒன்றின் சக் ஏறக்குறைய நின்றிருப்பதுபோல் தெரிந்தது. சுற்றிலும் இரைச்சல், ஓசையைக் கொண்டும் அறிய இயலவில்லை. மேற்பார்வையாளர் என் கையைப் பற்றி இழுத்த பின்னரே அது முழு வேகத்தில் ஓடுவது புரிந்தது. வணிகவியல் படித்த எனக்கு, அதன் காரணத்தை அவரே விளக்க வேண்டியிருந்தது.

நம் நாட்டின் மின்சாரம் நொடிக்கு 50 முறை அலைவுறுகிறது. ஒவ்வோர் அலைவிலும் இருமுறை உச்சம் எட்டுவதால், பழைய சோக் பொருத்திய குழல்விளக்கின் ஒளி நொடிக்கு 100 முறை கூடிக் குறைகிறது. மூன்று தாடைகள் கொண்ட சக் நிமிடத்திற்கு 2,000 சுற்று சுழன்றால், இரு ஒளிர்வுகளுக்கு இடையே மூன்றில் ஒரு பங்கு திரும்பும். ஒரு தாடை இருந்த இடத்தில் மற்றொன்று வந்து நிற்கும். வேகம் சற்றுக் குறைந்தால் பின்னோக்கிச் சுழல்வதாகத் தோன்றும். விளக்கு முற்றிலும் அணைவதில்லையாதலால் இத்தோற்றம் மங்கலானதே. ஆயினும் தவறிக் கை நீட்டுவதற்கு அதுவே போதும்.

மின்னணு சோக் நொடிக்கு 20,000 முறைக்கும் மேல் இயங்குவதால் இவ்விடர் நீங்குகிறது. மும்முனை இணைப்பு உள்ள இடங்களில் அடுத்தடுத்த விளக்குகளை வெவ்வேறு ஃபேஸில் இணைப்பது பழைய வழக்கம். ஒன்று மங்கும்போது மற்றொன்று ஒளிரும். மலிவான எல்இடி விளக்குகள் சிலவற்றிலும் இத்துடிப்பு உண்டு. வாங்கும்போது கைபேசிக் கேமரா வழியாக அதன் ஒளியைப் பாருங்கள். திரையில் கருங்கோடுகள் ஓடினால், அவ்விளக்கை இயந்திரத்தின் மேல் மாட்ட வேண்டாம்.