சுவரிலே பேசிய மர எழுத்துகள்

கோயில் மகோற்சவ விஞ்ஞாபனம் ஒன்றைக் கையில் வாங்கியதும் நாம் எதைப் பார்க்கின்றோம்? கொடியேற்றம் எந்நாள், தேர் எந்நாள், தீர்த்தம் எந்நாள் என்று பார்க்கின்றோம். தலைப்பிலே பெரிதாகவும் அலங்காரமாகவும் நிற்கும் எழுத்தைத் தனியே எடுத்து நோக்குவார் அரியர். ஆயினும் நம்மை நிறுத்தி வாசிக்கச் செய்தது அவ்வெழுத்தேயாகும். திருமண அழைப்பிதழ், மரண அறிவித்தல், நாடக விளம்பரம், கடைப் பெயர்ப்பலகை ஆகிய யாவற்றுக்கும் இது பொருந்தும்.

இத்தகைய அலங்கார எழுத்துகள் இன்று கணினியிலே ஆயத்தமாகக் கிடைக்கின்றன. அவற்றின் பூர்விகத்தைத் தேடிச் சென்றால் ஒரு மரவேலைப் பட்டறையின் வாசலிலே போய் நிற்போம்.

ஈயத்தால் இயலாதது

நூல்களை அச்சிட வழங்கிய சிறிய எழுத்துகள் ஈயக் கலப்பினால் வார்க்கப்பட்டவை. ஓர் அங்குலத்துக்கு மேற்பட்ட அளவில் அவற்றை வார்ப்பது எளிதன்று. பாரம் மிகும், விலை ஏறும், உலோகம் ஆறும்பொழுது எழுத்தின் முகம் குழிந்துவிடுவதும் உண்டு. வீதியிலே செல்வோர் தூரத்திலிருந்து வாசிக்கவேண்டிய சுவரொட்டிகளுக்கு, பாரம் குறைந்த மரமே தகுந்ததாயிற்று.

நியூயோர்க் நகரத்து அச்சுத் தொழிலாளரான டேரியஸ் வெல்ஸ் என்பவர், 1827 ஆம் ஆண்டளவில், சுழலும் வெட்டுக்கருவி ஒன்றினால் மர எழுத்துகளைப் பெருந்தொகையாகச் செய்யத் தொடங்கினார். அடுத்த ஆண்டிலே அவற்றுக்கு ஒரு மாதிரிப் புத்தகமும் வெளியிட்டார். 1834 இல் வில்லியம் லெவன்வேர்த் என்பவர் அக்கருவியோடு படியெடுக்கும் பொறியொன்றை இணைத்தார். அதன் ஒரு முனை மூல வடிவத்தின் ஓரத்தைத் தடவிச் செல்ல, மறு முனை அதே வடிவத்தை வேண்டிய அளவில் மரத்திலே வெட்டும். மேப்பிள் மரத்தைக் குறுக்காக அறுத்து, இறுக்கமான அந்த வெட்டுமுகத்திலேயே எழுத்தைச் செய்தனர். அச்சியந்திரத்தின் அழுத்தத்தை அது பல்லாண்டு தாங்கியது.

வெட்டுவது இலகுவானதும் கற்பனையும் விரிந்தது. மருந்து விற்போரும் நாடகக் குழுவினரும் சர்க்கஸ்காரரும் ஒருவரையொருவர் விஞ்ச முயன்றனர். அடி பருத்த எழுத்து, நுனி மீன்வால் போலப் பிளந்த எழுத்து, நிழல் விழுந்த எழுத்து, பூவேலை நிறைந்த எழுத்து எனப் புதிது புதிதாக வடிவங்கள் தோன்றின. வில்லியம் பேஜ் என்பவர் 1874 இல் வெளியிட்ட மாதிரிப் புத்தகத்திலே, ஒன்றின்மேல் ஒன்றாகப் பல வண்ணங்களில் அச்சிடும் எழுத்துகளும் இடம்பெற்றன. 1880 இல் விஸ்கொன்சின் மாநிலத்து ரூ ரிவேர்ஸ் என்னும் ஊரில் ஹமில்டன் என்பவர் தொடங்கிய தொழிலே, அந்நாட்டின் மர எழுத்து வியாபாரத்தைப் பின்னர் பெரும்பாலும் தன்வசமாக்கியது. அவ்வூரிலே இப்பொழுது மர எழுத்துகளுக்கென ஓர் அருங்காட்சியகம் உண்டு.

கணினி எழுத்துருக்களை விற்கும் அடோபி நிறுவனம், 1990 இல் மர எழுத்துகளைப் பின்பற்றிச் சில எழுத்துருக்களை வெளியிட்டது. கொட்டன்வூட், அயன்வூட், யூனிப்பர், மெஸ்கீட், பொண்டரோசா என மரங்களின் பெயர்களையே அவற்றுக்குச் சூட்டியது. பெற்ற தாயை மறவாத பிள்ளைகளைப் போல, அவ்வெழுத்துகள் தம் பிறப்பைப் பெயரிலேயே தாங்கி நிற்கின்றன.

தமிழுக்கு வந்த சங்கடம்

தமிழ் எழுத்துக்கும் மரத்துக்கும் உள்ள உறவு வெல்ஸின் காலத்துக்கு முற்பட்டது. சேரநாட்டு அம்பலக்காட்டில், 1679 இல், புரோயன்சா பாதிரியாரின் தமிழ்–போர்த்துக்கேய அகராதி அச்சாயிற்று. அதற்கான தமிழ் எழுத்துகளை அந்நாட்டவர் ஒருவர் மரத்திலே செதுக்கினார் எனப் பவுலினு என்னும் துறவி பின்னாளில் எழுதிவைத்துள்ளார்.

ஆயினும் அமெரிக்காவிற் போலத் தமிழிலே மர எழுத்துகள் நூற்றுக்கணக்கான வடிவங்களிற் பெருகவில்லை. காரணம் விளங்கக்கூடியதே. ஆங்கிலத்தில் ஒரு தலைப்பை அமைக்கப் பெரிய எழுத்துகள் 26 போதும். தமிழிலோ உயிர் 12, ஆய்தம் 1, அகர மெய் 18, புள்ளி பெற்ற மெய் 18. இகர, ஈகார, உகர, ஊகார வரிசைகளுக்கு 72. அரவு, கொம்பு முதலிய குறிகள் 4. ஆக 125 வடிவங்கள் வேண்டும். கிரந்த எழுத்துகள் வேறு. ஒரே எழுத்து ஒரு தலைப்பில் இருமுறை வருமாயின் இரண்டு கட்டைகள் வேண்டும். எனவே, தலைப்பை ஓவியரைக் கொண்டு எழுதுவித்து, அதனைத் துத்தநாகத் தகட்டிலே ‘புளொக்’ செய்வித்து அச்சிடும் வழக்கம் தமிழ்ச் சஞ்சிகைகளிலே பெரிதும் பரவியது.

வேறொரு சங்கடமும் உண்டு. ஆங்கில எழுத்தைத் தடிப்பாக்குவது போலத் தமிழ் எழுத்தைத் தடிப்பாக்க இயலாது. நம் எழுத்துகளிலே சுழிகள் மிகுதி. கோடு பருக்கப் பருக்கச் சுழியின் உள்வெளி அடைபடும். இரண்டு சுழி ‘ன’கரமும் மூன்று சுழி ‘ண’கரமும் தூரத்திலே ஒன்றுபோலத் தோன்றிவிடும். மணம் மனமாகிவிட்டால் கலியாண வீட்டார் பொறுப்பரோ? ஆகவே எந்த இடத்திலே கோட்டைப் பருக்கவிடுவது, எந்த இடத்திலே ஒடுக்குவது என்பதை அறிந்தவரே தமிழிலே தலைப்பெழுத்தை அமைக்க வல்லவர். அதுவும் கட்டையில் வலம் இடமாக மாற்றிச் செதுக்க வேண்டும். சிறிய எழுத்தைப் பெருப்பித்தால் மட்டும் பெரிய எழுத்து ஆகிவிடாது.

யாழ்ப்பாணத்து அச்சுக்கலை

யாழ்ப்பாணத்திலே நூலெழுத்துக்கு நல்ல வரலாறு உண்டு. 1820 இல் அமெரிக்க மிஷன் அனுப்பிய அச்சாளர் கரற் என்பவர் இங்கே தங்குவதற்கு அரசாங்கம் இடங்கொடுக்கவில்லை. அவருக்கென வந்த அச்சியந்திரம் நல்லூரிலிருந்த நைற் பாதிரியாரிடம் சேர்ந்தது. 1834 இல் மானிப்பாயிலே அமெரிக்க மிஷன் அச்சுக்கூடம் இயங்கத் தொடங்கியது. 1841 இல் ‘உதயதாரகை’ பத்திரிகை தமிழிலும் ஆங்கிலத்திலும் வெளிவந்தது. 1849 இல் ஆறுமுக நாவலர் சென்னையிலிருந்து அச்சியந்திரம் கொணர்ந்து, வண்ணார்பண்ணையிலே வித்தியாநுபாலன யந்திரசாலையை நிறுவினார். நைற் பாதிரியார் இங்கே தொடங்கிய அகராதி முயற்சி, வின்சிலோவின் தமிழ்–ஆங்கில அகராதியாக 1862 இல் சென்னையிலே நிறைவெய்தியபோது, அதனை அச்சிட்ட ஹண்ட் என்பவரின் நுண்ணிய தமிழ் எழுத்துகளும் புகழ்பெற்றன.

நூலெழுத்துக்கு இத்தனை பெயர்களைச் சொல்லலாம். தலைப்பெழுத்துக்கோ? விஞ்ஞாபனத்தின் அடியிலே அச்சகத்தின் பெயர் சிறிதாக இருக்கும். எழுத்தை வரைந்தவர், கட்டையிற் செதுக்கியவர் பெயர் இராது. நூலை அலுமாரியில் வைப்பர்; திருவிழா முடிந்ததும் விஞ்ஞாபனத்தை எறிந்துவிடுவர். இப்படியாக, ஊரார் எல்லோரும் கண்ட எழுத்தே ஒருவரும் பேணாத எழுத்தாயிற்று.

பிறகு காலமும் சேர்ந்து கொண்டது. 1978 இல் தமிழ்நாட்டு அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தம் மெல்ல இங்கும் பரவ, துதிக்கை வைத்த பழைய ‘லை’, ‘ணை’ முதலியன வழக்கொழிந்தன. அக்கட்டைகளுக்கு வேலை இல்லாமற் போயிற்று. வேலையற்ற மரத்துக்கு அடுப்படி தூரமன்று. 1981 மே இறுதியிலும் யூன் தொடக்கத்திலும் மூண்ட தீயிலே, ஏறக்குறைய 97,000 நூல்களோடு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. அந்நாட்களிலேயே ‘ஈழநாடு’ பத்திரிகைக் காரியாலயமும் எரிக்கப்பட்டது. 1995 இலே குடாநாட்டு மக்கள் பெருந்திரளாக இடம்பெயர்ந்தபோது கடதாசிகளைச் சுமந்து செல்ல யாரால் முடிந்தது?

பெட்டகத்திலே இருப்பது

ஆயினும் முற்றாக அழிந்தது என்று கூற வேண்டியதில்லை. பல வீடுகளிலே, பெட்டகத்தின் அடியிலும் சாதகக் கட்டினிடையிலும், பாட்டியின் திருமண அழைப்பிதழ் இருக்கும். அந்தியேட்டிக்கு அச்சிட்ட கல்வெட்டு இருக்கும். நாடக நோட்டீசும் இருக்கும். குடும்ப ஞாபகமாக வைத்த அக்கடதாசியே நம் தலைப்பெழுத்தின் மாதிரிப் புத்தகமுமாகும். கணினிக்குப் புதிய தமிழ் எழுத்துரு அமைப்போர், ஆங்கில அலங்காரத்தைத் தமிழின்மேல் போர்த்தாமல் தமிழின் போக்கிலே வடிவமைக்க வேண்டுமாயின், சுழி அடைபடாமல் எழுதிய அந்தப் பழைய கைகளின் வேலையைப் பார்த்தாக வேண்டும்.

ஆகவே இல்லத்தரசியர், பழைய பெட்டியைத் துப்புரவு செய்யும்போது ஒரு கணம் தாமதிப்பது நன்று. கிடைத்த கடதாசியைப் பிளாஸ்ரிக் உறையில் மடிக்காமல் வைக்கலாம். ஆண்டும் ஊரும் தெரிந்தால், தனித் துண்டிலே குறித்து உடன் வைக்கலாம். கைத்தொலைபேசியிலாயினும் ஒரு படம் எடுக்கலாம். 2005 முதல் ஈழத்துத் தமிழ் ஆவணங்களை எண்ணிமப்படுத்திவரும் நூலக நிறுவனம் போன்றோரிடம் படியொன்றைக் கொடுக்கலாம்; மூலம் வீட்டிலேயே இருக்கும். எறிவதற்கு ஒரு கணம் போதும். எறிந்ததைத் திரும்பச் செதுக்குவதற்கு அந்தக் கைகள் இப்பொழுது இல்லை.