மோட்டார் பழுதென்று முடிவுகட்டுமுன்...

பாரிஸ் நகர வீதிகளில், முதுகிலே சதுரப் பெட்டியைச் சுமந்தவாறு இரவு பகலாக உணவு விநியோகிக்கும் இளைஞர்களை நாம் நாள்தோறும் காண்கின்றோம். அவர்களுள் எம்மவர் ஒருவர் சென்ற மாதம் என் கதவைத் தட்டினார். இரண்டு நாள் மழையின் பின்னர் அவரது மின்சைக்கிள் புறப்படும்போது உதறத் தொடங்கி, ஈற்றில் நின்றேவிட்டது.

"மோட்டார் செத்துப்போச்சாம் சேர். பின்வீலை முழுசா மாத்தவேணுமாம்" என்றார். கடையில் கேட்ட தொகை அவருடைய மூன்று வார உழைப்பு. ஒருகாலத்தில் பௌதிக ஆய்வுகூடத்தில் மாணவரை வழிநடத்தியவன் என்பதால், அந்தத் தீர்ப்பின்மீது மேன்முறையீடு செய்ய என்னிடம் வந்திருந்தார்.

சக்கரத்தின் குடத்தினுள் மோட்டாரைப் பொருத்தும் எண்ணம் புதியதன்று. அமெரிக்காவின் ஒகாயோ மாநிலத்தைச் சேர்ந்த ஒக்டன் போல்ற்றன் 1895 ஆம் ஆண்டிலேயே அதற்குக் காப்புரிமை பெற்றார். இன்றைய மோட்டாரில் செப்புச் சுருள்கள் அசையாது நிற்க, அவற்றைச் சூழ்ந்து காந்தங்கள் சுழல்கின்றன. எந்தச் சுருளுக்கு எக்கணத்தில் மின்னைச் செலுத்துவது என்பதைக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு அறிவிப்பவை, உழுத்தம்பருப்பளவேயான மூன்று உணரிகள். 1879 இல் எட்வின் ஹோல் கண்டறிந்த விளைவின்படி இயங்குவதால் இவை ‘ஹோல் உணரிகள்’ எனப்படும். மூன்றில் ஒன்று வாய்மூடினாலும் மோட்டார் உதறும்; முனகும்; நின்றுவிடும்.

முதலில் பற்றரியைக் கழற்றிவிட்டுச் சக்கரத்தைக் கையால் பின்னோக்கிச் சுற்றினோம். உள்ளே பற்சக்கரம் கொண்ட மோட்டார்கள் முன்னோக்கிச் சுற்றுகையில் தொடர்பின்றி ஓடுமாதலால் இவ்வாறு செய்தல் வேண்டும். சக்கரம் தடங்கித் தடங்கி இறுகினால், மோட்டாரின் இணைப்பைக் கட்டுப்பாட்டுப் பெட்டியிலிருந்து பிரித்து மீண்டும் சுற்றவேண்டும். இறுக்கம் நீங்கினால் குற்றம் பெட்டியினுடையது. நீங்காவிடின் மோட்டாரிலோ அதன் தடித்த வயர்களிலோ குறுஞ்சுற்று ஏற்பட்டுள்ளது. கையால் சுற்றப்படும் மோட்டார் ஒரு மின்பிறப்பாக்கியே. 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில், யாழ்ப்பாணத்தில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட தலைமுறைக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

இளைஞரின் சக்கரம் இலகுவாகவே சுற்றியது. அடுத்து உணரிகள். பற்றரியை மீண்டும் இட்டு, மல்ரிமீற்றரின் கறுப்பு முனையை மெல்லிய கறுப்பு வயரில் வைத்தோம். மெல்லிய சிவப்பு வயரில் ஏறத்தாழ 5 வோல்ற் இருந்தது, அது சரி. சக்கரத்தை மெதுவாகச் சுற்றுகையில் மெல்லிய மஞ்சள், பச்சை, நீல வயர்கள் ஒவ்வொன்றும் 0 இற்கும் 5 இற்குமிடையே மாறிமாறித் தாவவேண்டும். மஞ்சளும் பச்சையும் தாவின. நீலம் 5 இலேயே உறைந்து நின்றது. ஒன்றில் உணரி பழுது, அல்லது வயர் அறுந்திருக்கின்றது. சக்கரத்தைச் சுற்றியவாறே, அச்சிலிருந்து வயர் வெளிவரும் இடத்தை அசைத்தபோது அளவீடு துள்ளியது.

பற்றரியைக் கழற்றி, வயரின் உறையைப் பிளந்தோம். மழைநீர் புகுந்து களிம்பேறிய நீல வயர் உள்ளே அறுந்து கிடந்தது. கெட்ட பகுதியை நீக்கி, புதுத்துண்டை வைத்துப் பற்றாசிட்டு, சூட்டில் சுருங்கும் குழாயால் மூடினோம். வயரை அச்சுக்குக் கீழே தொங்கும் வளைவாகக் கட்டினோம். இனி நீர் அவ்வளைவின் அடியிலேயே சொட்டிவிடும். அச்சின் நட்டையும் இறுக்கினோம். அது தளர்ந்தால் அச்சே சுழன்று வயரை முறுக்கி அறுத்துவிடும்.

உணரியே பழுதாயிருப்பின் மோட்டாரைத் திறக்கவேண்டும். உணரியின் விலை அற்பம். ஆயினும் பழையது நோக்கியிருந்த பக்கத்தையே புதியதும் நோக்கவேண்டும். உள்ளிருக்கும் காந்தங்கள் விரலை நசுக்கவல்லவை. சுருள்கள் கருகி மணத்தால், கடைக்காரர் சொன்னது சரியென்று ஏற்கவேண்டியதே. பற்றரியை மட்டும் எவரும் வீட்டில் பிரித்துப் பார்க்கலாகாது. லிதியம் தீயை அணைப்பது எளிதன்று.

அன்றிரவே இளைஞர் வேலைக்குப் புறப்பட்டார்.

கடைக்காரர் பொய்யுரைத்தார் என்று கூற நான் வரவில்லை. ஒரு மணி நேரம் சோதிப்பதிலும் சக்கரத்தை மாற்றுவது அவருக்கு இலகு, அவ்வளவே. ஆனால் மூன்று வார உழைப்பை இழக்கப்போகின்றவருக்கு அந்த ஒரு மணி நேரத்தைக் கோரும் உரிமை உண்டு. எதைச் சோதித்தீர்கள், எந்த வயரில் எத்தனை வோல்ற் கண்டீர்கள் என்று கேளுங்கள். பதில் இல்லையெனில் அது சோதனையன்று; வெறும் ஊகமே.